ஈடித் கீலர் செத்தே ஆகணுமா?

ஸ்டார் ட்ரெக் முதல் சீசனில் "தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்" என்று ஒரு எபிசோட். 1967 ஏப்ரல் 6-ல் ஒளிபரப்பானது. கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: டாக்டர் மெக்காய் 1930 நியூயார்க்குக்குப் போய், சாலை விபத்தில் சாக வேண்டிய ஈடித் கீலரைக் காப்பாற்றிவிடுகிறார். ஏழைகளுக்குச் சாப்பாடு போடுகிற பெண். உயிர் பிழைத்தவர் பெரிய சமாதான இயக்கம் தொடங்குகிறார். அதனால் அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்குவது தாமதமாகிறது. அந்த இடைவெளியில் ஜெர்மனி கனநீர் சோதனைகளை முடித்து, அணுகுண்டு செய்து, உலகத்தையே பிடித்துவிடுகிறது. ஆகவே அவரைக் காதலிக்கும் கேப்டன் கிர்க்கே அவரைச் சாகவிட வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த எபிசோட்தான். ஆனா கணக்கு இடிக்குது.

முதலில் சமாதான இயக்கம். மாறிப்போன வரலாற்றில் ஈடித் 1936-ல் ரூஸ்வெல்ட்டைச் சந்திப்பதாகக் காட்டுவார்கள். ஆனால் நிஜத்தில், எந்த ஈடித்தும் இல்லாமலே, 1935-லேயே முதல் நடுநிலைச் சட்டம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டதே ரூஸ்வெல்ட்தான்! 1936, 1937-லும் அதே மாதிரி சட்டங்கள். அவ்வளவும் இருந்தும் 1941 டிசம்பர் 7-ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. மறுநாள் நாடாளுமன்றத்தின் கீழவையில் போருக்கு ஆதரவாக 388 ஓட்டு, எதிராக ஒன்றே ஒன்று. அதைப் போட்டவர் ஜெனட் ரேங்கின். டிசம்பர் 11-ல் ஹிட்லரே அமெரிக்கா மீது போர் அறிவித்துவிட்டார். எதிராளியே கதவை உடைத்துக்கொண்டு வரும்போது ஈடித் எதைத் தாமதப்படுத்தியிருப்பார்?

அடுத்து கனநீர். ஜெர்மனிக்கு அது கிடைத்த இடம், பிடித்து வைத்திருந்த நார்வேயின் வேமார்க் ஆலை. 1943 பிப்ரவரியில் அங்கே புகுந்து கனநீர்க் கருவிகளைத் தகர்த்தவர்கள் பிரிட்டனில் பயிற்சி எடுத்த நார்வேக்காரர்கள். பிறகு அமெரிக்க விமானங்களும் குண்டு போட்டன என்பது உண்மைதான். ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 1942 ஜூனில் அமைச்சர் ஸ்பியர் ஹைசன்பர்க்கைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, போர் முடிவதற்குள் குண்டு வராது என்று முடிவு கட்டிவிட்டார்.

ஒரு வரியைக் கமென்ட் பண்ணிட்டா முழு புரோகிராமும் வேற ரிசல்ட் தரும் என்று நம்புவது எங்க தொழில் வியாதி. வரலாற்றில் அதே வேலையைச் செய்ய இன்னும் பத்து வரிகள் இருக்கும்.

எபிசோட் வந்த வாரத்தையும் பார்க்கணும். இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 4-ல், அதே நியூயார்க்கில் ரிவர்சைடு சர்ச்சில் மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார். ஷூட்டிங் ஏற்கனவே முடிந்திருந்தது, அதனால் தேதிப் பொருத்தம் தற்செயல்தான். ஏப்ரல் 6 இரவு, நல்லவள்தான், ஆனால் தவறான நேரத்தில் சமாதானம் பேசுகிறாள் என்று டிவி சொன்னது. ஏப்ரல் 7 காலை, கிங் செய்தது பிழை என்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியது.

1968 ஏப்ரல் 4-ல் மெம்ஃபிஸில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வியட்நாம் போர் அதற்கப்புறமும் 7 வருஷம் நடந்தது.