திரைக்குள் நடந்து போன துப்பறிவாளன்

ஒருவர் தோட்டத்துப் பெஞ்சில் உட்காரப் போகிறார். அந்த நொடியில் தோட்டம் மறைந்து வண்டிகள் ஓடும் தெரு வருகிறது. பெஞ்சைக் காணோம், அவர் தரையில் விழுகிறார். எழுந்து நடந்தால் மலை உச்சி வருகிறது. பள்ளத்தை எட்டிப் பார்த்தால் சுற்றிலும் சிங்கங்கள்! பிறகு பாலைவனம், பிறகு கடல் நடுவே ஒரு பாறை. பாறையிலிருந்து நீரில் பாய்கிறார். ஆனால் தலை புதைவது பனிக்குவியலில்!

1924-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஷெர்லாக் ஜூனியர்’ என்னும் ஊமைப்படத்தில் வரும் காட்சி இது. இயக்கியவரும் நாயகனாக நடித்தவரும் பஸ்டர் கீட்டன். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படி எடுத்தார்கள்? அதற்கு முன் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

ஏமாற்றுக்காரன் விரித்த வலை

நாயகன் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டர். துப்பறிவாளன் ஆக வேண்டும் என்பது அவனது ஆசை. அவன் விரும்பும் பெண்ணின் தந்தையுடைய கடிகாரத்தை ஓர் ஏமாற்றுக்காரன் திருடி 4 டாலருக்கு அடகு வைக்கிறான். அடகுச் சீட்டை நாயகனின் சட்டைப் பையில் நுழைத்துவிடுகிறான். நாயகனோ பெருமைக்காக, 1 டாலருக்கு வாங்கிய சாக்லேட் பெட்டியின் விலையை 4 எனத் திருத்திக் கொடுத்திருக்கிறான். சீட்டிலும் 4, பெட்டியிலும் 4! எல்லோரும் அவனையே திருடன் என்று நம்பிவிடுகிறார்கள்.

மனம் நொந்த நாயகன் கொட்டகைக்குத் திரும்பிப் படத்தை ஓட்டியபடியே தூங்கிப்போகிறான். கனவில் திரைக்குள் நுழைந்து பெரிய துப்பறிவாளனாக மாறுகிறான். பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் 13-ஆம் எண் பந்துக்குள் வெடிமருந்து வைத்து அவனைக் கொல்லப் பார்க்கிறார்கள். அவன் அதை யாரும் அறியாமல் சாதாரணப் பந்தாக மாற்றிவிட்டு, வெடிபந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். பின்னர் துரத்தி வருபவர்கள் மீது அதையே வீசுகிறான்!

தந்திரத்தின் பெயர் அளவு

சினிமாவில் நாம் காண்பது, நொடிக்குப் பதினாறோ அதற்கு மேலோ வந்துபோகும் அசையாப் படங்களைத்தான். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடி நீளத்துக்கு 16 படங்கள் அடங்கும். ஒரு படம் நகர்ந்து அடுத்தது வரும்போது, புரொஜெக்டரில் உள்ள சுழலும் மூடி ஒளியை மறைத்துவிடும். ஒளியின் பதிவு கண்ணில் சற்றே நீடிப்பதால் இடையில் வரும் இருட்டு தெரிவதில்லை. ஆனால் அசைவு தோன்றுவதற்கு அது மட்டும் போதாது. அடுத்தடுத்த இரண்டு நிலைகளை ஓர் இயக்கமாக இணைப்பது மூளை. மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியல் அறிஞர் 1912-இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்.

கீட்டனின் வித்தை இதில்தான் இருக்கிறது. பின்னணி முழுவதும் மாறினாலும், மனித உருவம் அதே இடத்தில், அதே அளவில், அதே நிலையில் இருந்தால் மூளை அவரை ஒரே இயக்கமாகப் பின்தொடரும். எனவே புதிய இடத்துக்குப் போகும்போதெல்லாம் காமிராவுக்கும் நடிகருக்கும் உள்ள தூரத்தைத் துல்லியமாக அளந்தார்கள். நில அளவைக் கருவிகளும் இதற்குப் பயன்பட்டன. ஒரு காட்சி முடிந்ததும் பிலிமை உடனே கழுவி, கடைசிப் படங்கள் சிலவற்றை வெட்டி, ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி காமிராவுக்குள் வைத்துப் பார்ப்பார். கீட்டனின் உருவம் அந்தப் படத்தோடு பொருந்தும்வரை அவரை நகர்த்தி நிறுத்துவார். மந்திரம் போலத் தோன்றியதற்குப் பின்னால் இருந்தது பொறுமையான அளவுதான்.

அளவுக்கு அடங்காத தண்ணீர்

எல்லாமே கண்கட்டு அல்ல. ஒரு காட்சியில் கீட்டன் ஓடும் ரயிலின் கூரைமேல் ஓடி, எஞ்சினுக்கு நீர் நிரப்பும் குழாயைப் பற்றித் தொங்குகிறார். குழாய் தாழ்ந்து தண்ணீர் கொட்டுகிறது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 4 மீட்டர் விழும் நீரின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர். நொடிக்கு 50 லிட்டர், அதாவது 50 கிலோகிராம் நீர் கொட்டுவதாக வைத்துக்கொண்டால், விசை 450 நியூட்டன். 45 கிலோ மூட்டையைத் தலைமேல் சுமப்பதற்கு ஒப்பானது இது! அன்று கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் தள்ளியது; கழுத்து தண்டவாளத்தில் மோதியது. பல நாள் தலைவலியோடு நடித்து முடித்தார். சுமார் பத்து ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான், கழுத்தெலும்பு முறிந்து தானாகவே கூடியிருந்தது தெரிந்தது. உயிர் தப்பியது அவரது நல்லூழ்.

உண்மையான துப்பறிவாளர் யார்?

நாயகன் கனவிலிருந்து விழிப்பதற்குள் வழக்கு முடிந்துவிடுகிறது! அந்தப் பெண் அடகுக் கடைக்குப் போய், கடிகாரத்தை அடகு வைத்தவர் யார் என்று கேட்கிறாள். ஒரே கேள்வி, உண்மை வெளிவந்துவிடுகிறது. 4-க்கு 4 பொருந்துவதைக் கண்டு மற்றவர்கள் முடிவுகட்டினார்கள். அவளோ போய்ச் சரிபார்த்தாள். அறிவியலின் வழியும் அதுவே.

நீங்களும் சரிபார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தின் 20 பக்கங்களில், ஓரத்தில் ஒரே இடத்தில் ஒரே அளவில் ஒரு மனித உருவம் வரையுங்கள். ஐந்து பக்கங்களுக்கு ஒருமுறை பின்னணியை மட்டும் மாற்றுங்கள்; மரம், வீடு, மலை, கடல். பக்கங்களை வேகமாகப் புரட்டினால் மனிதன் நிற்பான்; உலகம் மாறும். அடுத்து, ஒரு பக்கத்தில் மட்டும் உருவத்தை அரை சென்டிமீட்டர் தள்ளி வரைந்து புரட்டுங்கள். லெஸ்லி ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்பது உடனே புரியும்.