கொதிக்க வைத்தால் ஏறும் விஷம், தெரியுமா?

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் பயமில்லை என்பதுதானே நம் வீட்டுச் சட்டம்? 2014 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டொலிடோ நகரில் அந்தச் சட்டம் தலைகீழானது தெரியுமா? குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று அறிவித்துவிட்டார்கள்! நாலைந்து லட்சம் பேருக்குக் குடிநீர் இல்லை. கடைகளில் பாட்டில் தண்ணீர் காலி. அந்த ஊருக்குக் குடிநீர் தரும் ஈரி ஏரியில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியின் விஷமான மைக்ரோசிஸ்டின், கொதித்தாலும் அழியாது. நீர் வற்ற வற்ற மிச்சத் தண்ணீரில் விஷத்தின் செறிவு ஏறும். மூன்றாம் நாள்தான் தடை நீங்கியது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு. அதாவது 10 லட்சம் லிட்டர் தண்ணீரில் வெறும் 1 கிராம்! 1950களில் கனடாவில் இந்த விஷத்தை ஆராய்ந்தவர்கள் வைத்த பெயரே ‘விரைவுச் சாவுக் காரணி’. பிறகு இன்னொரு பாசியில் அனாடாக்சின் சிக்கியது. அதற்கு என்ன பெயர் வைப்பது? ‘அதிவிரைவுச் சாவுக் காரணி’! விஞ்ஞானிகளுக்குக் கற்பனை வறட்சி என்று யார் சொன்னது?

இத்தனைக்கும் இந்த நீலப்பச்சைப் பாசி, பாசியே இல்லை. சயனோபாக்டீரியா என்னும் பாக்டீரியா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இதன் முன்னோர்களால்தான். மாட்டுக்குப் போடுகிறோமே அசோலா, அதன் இலைக்குள் குடியிருந்து தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் சத்து, சமைத்துத் தருவதும் இந்தக் குடும்பம்தான்!

சரி, இந்த விஷம் எதைத் தின்று ஊறுகிறது? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. 1973இல் கனடாவில் ‘ஏரி 226’ என்ற சின்ன ஏரியின் நடுவே ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஒரு திரையைக் கட்டினார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று மாறியது, மறுபக்கம் தெளிவாகவே கிடந்தது! வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படத்தைக் கண்டவர்களுக்கு, சலவைத்தூளில் பாஸ்பேட் கூடாது என்பதற்கு வேறு வாதம் தேவைப்படவில்லை.

ஆனால், மணிச்சத்தான பாஸ்பரஸ் பாசிக் கூட்டத்தைத்தான் பெருக்குகிறது. விஷத்துக்கு மூலப்பொருள் தழைச்சத்து! மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் மூலக்கூறு ஒன்றில் 10 நைட்ரஜன் அணுக்கள். அதன் உடன்பிறப்பான ஆர்ஆர் வகையில் 13. நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் இந்த 13 அணு வகையின் பங்கு கூடியதை ஆய்வகத்திலேயே பார்த்திருக்கிறார்கள். பஞ்சம் வந்தால்? இந்த விஷத்தைச் சுரக்கும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற சயனோபாக்டீரியாவுக்குக் காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கத் தெரியாது. கை சுருங்கி விஷ உற்பத்தியும் குறையும். அதன் சொந்தக்கார அனபீனாவோ கெட்டிக்காரி. தன் மணிமாலையில் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு செல்லைத் தழைச்சத்து ஆலையாக்கிவிடும். ஆலையான செல் அதன்பின் பிளந்து பெருகவே பெருகாது!

அப்படியானால் பாஸ்பரஸை மட்டும் குறைத்தால் போதுமா? ஈரி ஏரிக்கு வரும் பாஸ்பரஸை 2008ஆம் ஆண்டு அளவிலிருந்து 40 சதவீதம் வெட்டுவது என்று அமெரிக்காவும் கனடாவும் ஒப்புக்கொண்டன. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு கணினி மாதிரி குண்டு போட்டது: கூட்டம் மெலிந்தால் மிஞ்சிய செல் ஒவ்வொன்றுக்கும் வெளிச்சமும் நைட்ரஜனும் அதிகம் கிடைக்கும், ஏரியின் விஷம் ஏறவும் கூடும்! கணக்கு சரியில்லை என்று வேறு விஞ்ஞானிகள் அதே இதழில் மறுத்து எழுதினார்கள். என் ஓட்டு, இரண்டு சத்தையும் சேர்த்துக் குறைக்கச் சொல்பவர்களுக்கே.

மருந்தடித்துக் கொன்றுவிட்டால் என்ன என்கிறீர்களா? 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் அணையில் படர்ந்த பாசிக்கு மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 148 பேருக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டன. பெரும்பாலோர் குழந்தைகள்! செத்த செல்கள் உடைந்து உள்ளிருந்த விஷம் தண்ணீரில் கொட்டியது என்று பின்னால் கண்டறிந்தார்கள்.

ஆகவே, குளத்தில் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஆடை மிதந்தால் ஆடு மாட்டையும் நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். துத்தத்தையும் தூவிவிடாதீர்கள்!