சம்பளம் வாங்காமல் ஆடினால்தான் ஆட்டம் தூய்மையானதா?

அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தைப் பின்தொடர்பவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பார்கள். ஒரு தரப்பு என்.பி.ஏ. எனப்படும் தொழில்முறைப் போட்டிகளைப் பார்க்கும். மற்றத் தரப்பு, பல்கலைக்கழக அணிகள் மோதும் போட்டிகளே உண்மையான கூடைப்பந்தாட்டம் என்று வாதிடும். அங்கே பணத்துக்காக அல்ல, விளையாட்டின் மீதுள்ள காதலுக்காக ஆடுகிறார்கள் என்பது அவர்களுடைய வாதம். இரண்டையும் பல வருடங்களாகப் பார்த்து வரும் நான், இந்த வாதத்தில் ஒரு பாதியை மட்டுமே ஏற்றுக்கொள்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நம் நாட்டில் கல்லூரி என்றால் பெரும்பாலும் பாடசாலைதான். அமெரிக்காவில் 'கொலிஜ்' அணி என்பது பல்கலைக்கழக அணி. நம்முடைய கணக்கில் உயர்தரம் முடித்த வயதுடையவர்கள் அதில் ஆடுகிறார்கள். இந்த விளையாட்டுகளை நிர்வகிக்கும் பிரதான அமைப்பின் பெயர் என்.சி.ஏ.ஏ.

எங்கே இருக்கிறது அந்த அழகு?

என்.பி.ஏ.யில் 30 அணிகள். ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடும். அதன் பின்னர் வரும் ஒவ்வொரு முக்கிய சுற்றிலும் 4 ஆட்டங்களை முதலில் வெல்லும் அணியே முன்னேறும். ஒரு நாள் சறுக்கினாலும் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. ஆகவே பலமான அணியே பெரும்பாலும் கடைசியில் வெல்லும்.

பல்கலைக்கழகப் போட்டியில் அப்படி இல்லை. மார்ச் மாதம் தொடங்கும் தேசியத் தொடருக்கு 68 அணிகள் தெரிவாகும். ஒரு தோல்வி வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆண்களின் ஆட்டத்தில் தலா 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். அந்த 40 நிமிடங்களில் எதுவும் நடக்கலாம்.

2018இல் அது நடந்தது. 1985இல் தொடர் 64 அணிகளாக விரிவாக்கப்பட்ட பின்னர், 16ஆம் தரநிலையில் உள்ள ஆண்கள் அணி முதலாம் தரநிலை அணியைச் சந்தித்த 135 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணி, வேர்ஜினியாவை 74–54 என்று வீழ்த்தி அந்தக் கணக்கை முடித்தது. 2022இல் நியூ ஜேர்சியைச் சேர்ந்த சிறிய பல்கலைக்கழகமான சென் பீட்டர்ஸ், கென்டக்கியைத் தோற்கடித்து, 15ஆம் தரநிலையில் இருந்து கடைசி 8 அணிகளுக்குள் வந்த முதல் அணியானது. இங்கே அதிகாலை நான்கரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து இந்தத் தொடரைப் பார்ப்பது இப்படியான ஆட்டங்களுக்காகத்தான்.

ஆனால், இந்த அழகு போட்டியின் அமைப்பில் இருந்து வருகிறது. வீரர்களுக்குச் சம்பளம் இல்லாததால் வந்த அழகு அல்ல அது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட ரசிகர்களின் பிரச்சினை.

ஒரு சொல்லின் வரலாறு

பல்கலைக்கழக வீரர்களை அமெரிக்காவில் 'மாணவ விளையாட்டு வீரர்' என்று அழைப்பார்கள். கேட்பதற்கு நல்ல சொல். அதன் பிறப்பு அவ்வளவு நல்லதல்ல. 1955இல் கொலராடோவில் ஒரு கல்லூரி அணிக்காக அமெரிக்கன் ஃபுட்போல் ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளர்களுக்கான நட்டஈட்டை அவரது மனைவி கோரினார். 1957இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. இப்படியான கோரிக்கைகள் எழுந்த காலத்தில், வீரர்கள் ஊழியர்களாகக் கருதப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சொல்லை உருவாக்கியதாக, என்.சி.ஏ.ஏ.யின் அன்றைய தலைமை நிர்வாகி வோல்டர் பையர்ஸ் பிற்காலத்தில் தனது நூலில் எழுதினார்.

வீரர்களுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு என்று அது சிறிய உதவி அல்லதான். ஆனால், அவர்களைச் சுற்றிப் புழங்கிய பணம் வேறு அளவிலானது. மார்ச் மாதத் தொடரின் ஒளிபரப்பு உரிமைக்காக 2010இல் கையெழுத்தான ஒப்பந்தம் 14 ஆண்டுகளுக்கு 10.8 பில்லியன் டொலர். பல மாநிலங்களில் அரச சம்பளப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் ஆளுநர் அல்ல, பல்கலைக்கழக அணியின் பயிற்றுவிப்பாளர்.

தொழில்முறை அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. கோபி பிரையன்ட், லெப்ரோன் ஜேம்ஸ் போன்றவர்கள் பாடசாலையில் இருந்து நேரடியாக என்.பி.ஏ.க்கு வந்தவர்கள். 2005இல் அந்தக் கதவு மூடப்பட்டது. அமெரிக்க வீரர் ஒருவர் 19 வயதை எட்டுவதோடு, பாடசாலையை முடித்து ஓராண்டு காத்திருக்கவும் வேண்டும் என்று விதி வந்தது. அந்த ஓராண்டைப் பல திறமைசாலிகள் சம்பளம் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் கழித்தார்கள். 2019 பெப்ரவரியில் டியூக், வட கரோலைனா அணிகள் மோதிய ஆட்டத்துக்கான டிக்கெட்டுகள் ஆயிரக்கணக்கான டொலர்களுக்கு மறுவிற்பனையாகின. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் டியூக்கின் நட்சத்திரம் சயன் வில்லியம்சனின் சப்பாத்து கிழிந்து, முழங்காலில் காயம் ஏற்பட்டது. அவர் தேறிவிட்டார். தேறாமல் போயிருந்தால், எல்லோரும் பணம் பார்த்த அந்த இரவில் சம்பளமே இல்லாமல் ஆடியவர்தான் எல்லாவற்றையும் இழந்திருப்பார்.

நீதிமன்றம் வழியாக வந்த மாற்றம்

1995இல் யூ.சி.எல்.ஏ. அணியோடு சம்பியனான எட் ஓபெனன், தன்னைப் போன்ற ஓர் உருவம் வீடியோ கேம் ஒன்றில் தனது அனுமதியின்றி விற்கப்படுவதைக் கண்டு 2009இல் வழக்குத் தொடர்ந்தார். அதன்பின் வழக்குகள் தொடர்ந்தன. 2021 ஜூனில், படிப்பு சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. வரம்பு விதிக்க முடியாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் 9 நீதியரசர்களும் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே வீரர்கள் தமது பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரங்கள் மூலம் உழைக்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் அங்கீகரிக்கப்பட்ட இணக்கப்பாட்டின்படி, முன்னைய வீரர்களுக்கு ஏறக்குறைய 2.8 பில்லியன் டொலர் வழங்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்களும், முதலாவது ஆண்டில் சுமார் 20.5 மில்லியன் டொலர் என்ற உச்சவரம்புக்குள், வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம்.

இதற்குள்ளும் அநீதி உண்டு. அந்த இழப்பீட்டில் பெரும்பகுதி ஆண்களுக்கே போகிறது என்று பெண் விளையாட்டு வீராங்கனைகள் சிலர் மேன்முறையீடு செய்தார்கள். 2024இல் கெயிட்லின் கிளார்க் ஆடிய பெண்கள் இறுதி ஆட்டத்தை, அதே ஆண்டின் ஆண்கள் இறுதி ஆட்டத்தை விடக் கூடுதலானவர்கள் பார்த்தார்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ரசிகர்களின் கவலை

முன்பு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் வீரர் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும். இப்போது அந்தத் தடை இல்லை. சென் பீட்டர்ஸின் முக்கிய வீரர்கள் பலர் 2022இல் சில மாதங்களுக்குள் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். 2025 தொடரில் அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் முதலாம் தரநிலை அணிகளே. சிறிய அணிகள் கண்டெடுக்கும் திறமைகளைப் பெரியவை விலைகொடுத்து வாங்கிக்கொள்கின்றன என்ற கவலை நியாயமானது. எனக்கும் அது உண்டு.

ஆனால், சென் பீட்டர்ஸின் பயிற்றுவிப்பாளரும் அதே பருவம் முடிந்தவுடன் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனார். பயிற்றுவிப்பாளர்களுக்கு எப்போதும் இருந்த சுதந்திரம் அது. இருபது வயது இளைஞன் அதையே செய்யும்போது மட்டும் விசுவாசம் பற்றிப் பேசுவது எப்படிச் சரியாகும்?

என்.பி.ஏ. வீரர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் கட்டுண்டிருந்தார்கள். 1964இல் பொஸ்டனில் நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்கு முன்னர், ஓய்வூதிய உறுதிமொழி கிடைக்கும்வரை உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வர மறுத்தார்கள். ஒஸ்கார் ரொபேர்ட்சன் 1970இல் தொடர்ந்த வழக்கு 1976இல் முடிந்த பின்னரே அணி மாறும் உரிமைக்கு வழி பிறந்தது. அதனால் விளையாட்டு அழியவில்லை, வளர்ந்தது. இன்று என்.பி.ஏ. வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகிறது. தொழிற்சங்கத்தோடு பேசி எழுதப்பட்ட ஒப்பந்தம், சம்பளத்துக்கு வரம்பையும் அணிகளுக்கிடையே ஓரளவு சமநிலையையும் வைத்திருக்கிறது.

பல்கலைக்கழக வீரர்களுக்கு இல்லாதது இதுதான். பணம் வந்திருக்கிறது, ஆனால் நாடு தழுவிய தொழிற்சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் வரவில்லை. அவர்கள் ஊழியர்களா, மாணவர்களா என்ற கேள்விக்கும் தெளிவான பதில் இல்லை. சிறிய அணிகள் மார்ச் மாதத்தில் தொடர்ந்தும் அதிசயங்களை நிகழ்த்த வேண்டும் என்று விரும்பும் ரசிகர்கள், வீரர்களின் சம்பளத்தை எதிர்ப்பதை விட்டுவிட்டு, அவர்களையும் மேசைக்கு அழைத்து விதிகளை எழுதுமாறு கோர வேண்டும்.