பழைய வேட்டி இருக்கா? மேக்கப் ரிமூவர் பேடு ரெடி!

இரவு பத்தரை மணி. பள்ளி ஆண்டு விழா முடிந்து வீடு வந்து சேர்ந்தபோது, என் ஆறு வயது மகள் என் தோளிலேயே தூங்கியிருந்தாள். மேடையில் மயிலாக ஆடியவள். முகம் முழுக்க ஃபவுண்டேஷன், காது வரைக்கும் இழுத்துவிட்ட கண் மை, இமை மேல் பச்சை நிற மினுமினுப்பு, உதட்டில் 'தண்ணீர் பட்டாலும் அழியாது' வகை லிப்ஸ்டிக். அப்படியே படுக்கப் போட மனசு வரவில்லை. பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய் சோப்பு போட்டுத் தேய்த்தேன். மை அழியவில்லை, கன்னம் வரைக்கும் பரவியதுதான் மிச்சம். சோப்பு நுரை கண்ணில் இறங்கியதும் அவள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

"விடும்மா, தோலையே உரிச்சுடுவே போலிருக்கு" என்று என் மாமியார் வந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். மாமனாரின் பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டு, அதில் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய். மூடிய இமை மேல் அதைக் கொஞ்ச நேரம் ஒற்றி வைத்திருந்து, மெதுவாகக் கீழ்ப்பக்கமாக வழித்தார். மை அத்தனையும் துணியில் வந்துவிட்டது. மகள் அழுகையை நிறுத்தி, அப்படியே தூங்கியும் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வேட்டியை வெட்டி, நானும் அத்தையும் 16 பேடு தைத்தோம். செலவு? நூல்கண்டு மட்டும்தான்!

தண்ணீருக்கு அடங்காதது எண்ணெய்க்கு அடங்கும்

கண் மை, மஸ்காரா, லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன் இவற்றில் பெரும்பாலும் இருப்பது மெழுகு, எண்ணெய், சிலிக்கோன், நிறமி. வாட்டர்ப்ரூஃப் என்றால் தண்ணீரைத் தள்ளிவிடும் என்றுதானே அர்த்தம்? அதை வெறும் தண்ணீரால் கலைக்க நினைத்தால் எப்படி முடியும்! எண்ணெய்ப் பசையை எண்ணெய்தான் இளக்கும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. முகத்தில் கனமாக அரிதாரம் பூசி விடிய விடிய ஆடும் கூத்துக் கலைஞர்கள், ஆட்டம் முடிந்ததும் தேடுவது தேங்காய் எண்ணெயையும் ஒரு பழந்துணியையும்தான்.

'ஒரு ராத்திரிதானே, காலையில் பார்த்துக்கலாம்' என்று விடுவதும் நல்லதல்ல. நம் இமையின் ஓரத்தில், முடிகளுக்குப் பின்னால், வரிசையாக நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. கண்ணீர் சட்டென்று ஆவியாகாமல் காப்பது இவை சுரக்கும் எண்ணெய்தான். மை படிந்து இந்தத் துவாரங்கள் அடைபட்டால் எரிச்சல், சிவப்பு, இமைக் கட்டி எல்லாம் வரலாம்.

பேடு தைப்பது எப்படி?

* துவைத்துத் துவைத்து மிருதுவான பருத்தித் துணிதான் சரி. பழைய வேட்டி, காட்டன் புடவை, பனியன் எதுவானாலும் ஓகே. பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், உறிஞ்சாது. ஜரிகை, கரைப் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள்.
* துணியைக் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.
* ஒரு தம்ளரைக் கவிழ்த்து வட்டம் வரையுங்கள். சுமார் 8 செ.மீ. அகலம் போதும். வேட்டித் துணி என்றால் மூன்று அடுக்கு. பனியன் துணி என்றால் இரண்டு அடுக்கு.
* அடுக்கிவைத்து ஓரத்தைச் சுற்றித் தையுங்கள். கையாலேயே தைக்கலாம். வட்டம் வராவிட்டால் சதுரமாக வெட்டுங்கள், முகம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது!
* தைக்கவே தெரியாது என்பவர்களுக்கு பனியன் துணிதான் தோழி. வெட்டினால் நூல் பிரியாது. அப்படியே பயன்படுத்தலாம்.

தினம் இரண்டு பஞ்சு பேடு உபயோகிப்பவர், வருடத்துக்கு 730 பேடுகளைக் குப்பையில் போடுகிறார். கடையில் வாங்கும் ஈர வைப்ஸ் பலவற்றில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும், லேசில் மக்காது. துணி பேடு 15 இருந்தால், துவைத்துத் துவைத்து மாதக்கணக்கில் ஓட்டலாம்.

இரண்டு வகையாகப் பயன்படுத்தலாம்

எண்ணெய் பேடு: கண், உதடு இரண்டுக்கும் இதுதான் நல்லது. காய்ந்த பேடில் அப்போதைக்கப்போது நான்கைந்து சொட்டு எண்ணெய் விட்டால் போதும். சொட்டச் சொட்ட வேண்டாம். கண்ணுக்குள் போனால் கொஞ்ச நேரம் பார்வை மங்கலாகத் தெரியும். இமையை மூடி, 20 வரை எண்ணுங்கள். பிறகு கீழ்நோக்கி வழியுங்கள். தேய்க்கவே கூடாது. முக்கியமாக, மினுமினுப்புத் துகள் இருந்தால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். அது கண்ணுக்குள் போனால் கருவிழியில் கீறல் விழக்கூடும்.

ஈர பேடு: இது முகத்துக்கு மட்டும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 100 மி.லி., எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், பேபி ஷாம்பு அரை டீஸ்பூன். மூன்றையும் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் போட்டுக் குலுக்கி, ஏழெட்டு பேடுகளை அதில் நனைத்து வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து மூன்றே நாளில் முடித்துவிட வேண்டும். கடைப் பொருளில் கெடாமலிருக்க ஏதோ ஒன்று சேர்ப்பார்கள். நம்முடையதில் அது கிடையாது. தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமியும் பூஞ்சையும் வளரும். வாடை மாறினாலோ, பிசுபிசுத்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். 'ஒரு மாதத்துக்குச் சேர்த்துச் செஞ்சு வெச்சுக்கலாமே' என்று நானும் கேட்டேன். "நேத்து வெச்ச தேங்காய்ச் சட்னியே இன்னைக்கு ஊசிப்போகுது" என்று அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எந்த வகையானாலும், கடைசியில் வழக்கமான ஃபேஸ்வாஷ் போட்டு முகம் கழுவிவிடுங்கள்.

எந்த எண்ணெய் யாருக்கு?

வறண்ட சருமத்துக்குத் தேங்காய் எண்ணெய் நன்றாக ஒத்துப்போகும். முகப்பரு வரும் சருமத்தில் அது துவாரங்களை அடைக்கலாம். அவர்கள் சூரியகாந்தி எண்ணெயை முயன்று பார்க்கலாம். கடுகு எண்ணெய் எரியும், வேண்டாம். வேர்க்கடலை, பாதாம் ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த எண்ணெய்களைத் தொடவே கூடாது. எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

துவைப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்

பயன்படுத்தியதும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். கசக்கி அலசி, வாரம் ஒருமுறை 10 நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் அடைக்காதீர்கள். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் வேண்டாம். உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும். கொதித்த பிறகும் லேசான மைக்கறை தங்கினால் கவலையில்லை. அது கறைதான், அழுக்கு இல்லை.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

* எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா சேர்க்கச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். சருமம் எரியும், வறளும்.
* கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள், முதலில் கையைக் கழுவித் துடைத்து லென்ஸைக் கழற்றிவிட்டே மேக்கப்பைக் கலைக்க வேண்டும்.
* ஒருவர் பயன்படுத்திய பேடைத் துவைக்காமல் இன்னொருவர் தொடக் கூடாது. ஒரு கண்ணில் தொற்று இருந்தால், அதைத் துடைத்த பேடை மறு கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள்.
* கண் சிவந்து, வலித்து, பூளை கட்டினால் எண்ணெயும் வேண்டாம், மையும் வேண்டாம். நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

இந்த வருட ஆண்டு விழாவில் மகள் பட்டாம்பூச்சி. போன வருடத்தைவிட இரண்டு மடங்கு மேக்கப்! வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பாட்டி, என் வட்டத் துணி எங்கே?" என்று கேட்டுக்கொண்டே போய் மடியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். 20 வரை அவளே எண்ணினாள். பதினேழோ பதினெட்டோ... அதற்குள் தூங்கிவிட்டாள்.