வகுப்பறையிலிருந்து விசைப்பலகைக்கு

ஆசிரியர் ஒருவர் இரவு நெடுநேரம் விழித்திருந்து பாடக்குறிப்பு ஒன்றைக் கணினியில் தட்டச்சு செய்கிறார். மறுநாள் அதனை வேறொரு கணினியில் திறக்கிறார். தமிழ் எழுத்துகள் இருக்கவேண்டிய இடத்தில், பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளும் வரிவரியாக நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினியைப் பயன்படுத்த முயன்ற தமிழாசிரியர்கள் பட்ட பாடு இது. கணினியைப் பொறுத்தவரை எழுத்து என்பது ஓர் எண். எழுத்துருக்களை உருவாக்கியோர் ஒவ்வொருவரும் ‘அ’ என்னும் எழுத்துக்குத் தத்தம் விருப்பப்படி ஓர் எண்ணை அளித்திருந்தனர். ஆதலால், ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க வேண்டுமெனில், இருவர் கணினியிலும் ஒரே எழுத்துரு இருந்தாக வேண்டும்.

இச்சிக்கலைப் பொதுவில் வைத்துப் பேச 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் ஒரு மாநாடு கூடியது. ‘தமிழ்நெட் 97’ எனப்பட்ட அம்மாநாட்டைக் கூட்டுவதில் முன்னின்றவர் நா. கோவிந்தசாமி. அவர் கணிப்பொறி நிறுவனம் நடத்தியவர் அல்லர், சிறுகதை எழுத்தாளர், சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளர். கற்பிப்பவர் ஒருவரே இம்முயற்சிக்கு முன்னின்றார் என்பது கருதத்தக்கது. பொறியாளர் எழுத்துருவின் நுட்பத்தை எண்ணுவார். ஆசிரியரோ அதனைக் கொண்டு எழுதப்போகும் மாணவரை எண்ணுவார்.

இரண்டாவது மாநாடு ‘தமிழ்நெட் 99’ என்னும் பெயரில் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்றது. அங்கு மிகுதியும் ஆராயப்பட்டவை இரண்டு. ஒன்று, எழுத்துகளுக்குப் பொதுவான எண்களை வகுக்கும் குறியேற்றம், மற்றொன்று விசைப்பலகை. குறியேற்றம் கணினிக்குள் மறைந்திருப்பது. விசைப்பலகையோ விரல் தொடுவது. ஆகவே வகுப்பறையோடு நேரடித் தொடர்புடையது.

பழைய தட்டச்சுப்பொறியில் பழகியவர், கண்ணுக்குத் தோன்றும் வடிவத்தை இடமிருந்து வலமாகத் தட்டுவார். ‘கொ’ என எழுத முதலில் ஒற்றைக்கொம்பு, பின்னர் ககரம், இறுதியில் கால் என மூன்று விசைகள் வேண்டும். ஆனால் அவ்வெழுத்தின் இலக்கணம் ‘க் + ஒ’ என்பதாகும். வாய் ஒன்று சொல்ல, விரல் வேறொன்று செய்தது. மாநாட்டின் பயனாக உருவான ‘தமிழ்99’ விசைப்பலகை இம்முரணை நீக்கியது. இதில் ககரத்தையும் ஒகரத்தையும் தட்டினால் ‘கொ’ பிறக்கும். உயிர் பன்னிரண்டு, மெய்வரிசை பதினெட்டு, ஆய்தம் ஒன்று ஆகிய 31 விசைகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். ஆய்த விசையே புள்ளியிடவும் பயன்படும்.

விசைகளின் அமைப்பிலும் இலக்கணம் புலப்படுகிறது. உயிர்கள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன. நடு வரிசையில் அ, இ, உ, எ என்னும் குறில்கள் உள்ளன. அவற்றின் நெடில்கள் மேல் வரிசையில் உள்ளன. ‘ம’வும் ‘ப’வும், ‘ந’வும் ‘த’வும், ‘ண’வும் ‘ட’வும் அருகருகே நிற்கின்றன. இன எழுத்துகளை நாம் படித்தது இங்கே பயன்படுகிறது. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினால் இடையில் புள்ளி தானே தோன்றும். ‘ப, ந, த, உ’ எனத் தட்டினால் ‘பந்து’ கிடைக்கும். ஒரே மெய்யை இருமுறை தட்டினாலும் அவ்வாறே. ‘அ, ம, ம, ஆ’ என்பது ‘அம்மா’ ஆகும். (இவ்வுதவி சில வேளைகளில் மிகையாவதும் உண்டு. ‘மமதை’ என எழுத முயன்றால் முதல் மகரத்தின்மேலும் புள்ளி வந்தமரும். இரண்டு மகரங்களுக்கும் இடையே அகரத்தைத் தட்டி அதனைத் தடுக்க வேண்டும்.)

பல்லாண்டு பழகிய விரல்களுக்குப் புதிய பலகை இடர் தருவதே. தட்டச்சர்கள் பழைய முறையை விட்டுவிடத் தயங்கியதைக் குறையாகக் கொள்ளல் ஆகாது. எனினும், புதிதாகக் கற்கும் குழந்தைக்கு மறக்கவேண்டிய பழக்கம் ஏதுமில்லை. அரிச்சுவடியில் கற்ற முறையே அதற்குப் போதுமானது. தமிழ்நாடு அரசு 1999 ஜூனில் இவ்விசைப்பலகையை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய மாதமே நா. கோவிந்தசாமி மறைந்துவிட்டார்.

சென்னை மாநாட்டின் மற்றொரு விளைவு, தமிழ் இணையப் பல்கலைக்கழகம். அயல்நாடுகளில் வார இறுதி வகுப்புகளில் மட்டுமே தமிழ் பயிலும் பிள்ளைகள் உள்ளனர். அவர்களையும் எண்ணித் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம் 2001 பிப்ரவரியில் செயல்படத் தொடங்கியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுகிறது. பாடங்களோடு மின்னூலகத்தையும் அது நடத்துகிறது.

குறியேற்றச் சிக்கல் அவ்வளவு விரைவில் தீரவில்லை. 1999இல் அரசு ஏற்ற குறியேற்றங்கள் தமிழுக்கென மட்டும் வகுக்கப்பட்டவை. உலகப் பொதுக் குறியேற்றமாகிய யுனிக்கோடு அவற்றினும் வேறானது. தமிழ்நாடு அரசு யுனிக்கோடை ஏற்றது 2010இல்தான். அதற்குள் ஆசிரியர்கள் ஆயிரமாயிரம் பக்கங்களைப் பழைய எழுத்துருக்களில் எழுதி முடித்திருந்தனர். அவற்றைப் புதிய முறைக்கு மாற்றும் மென்பொருள்களைத் தமிழார்வலர் பலர் உருவாக்கி இலவசமாக வழங்கினர். மாற்றப்படாத பாடக்குறிப்புகள் சில, எழுதியவரே படிக்க இயலாதவாறு இன்றும் பழைய குறுந்தகடுகளில் கிடக்கின்றன.