பிள்ளைக்கு எந்த ‘பம்ப்’?

சாங்கிக் கடற்கரைக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்பார்கள் பெரியவர்கள். 2013 ஜூன் 21இல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது அந்தக் கடற்கரையும் தப்பவில்லை. 2015 செப்டம்பர் 25இல் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளே மூடப்பட்டன.

புகைமூட்டம் எப்போதாவது வருவது. தூசிப்பூச்சியோ ஆண்டு முழுதும் மெத்தையில் குடியிருக்கிறது. நம் தீவின் ஈரப்பதம் அதற்குத் தோது. விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவையுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் இழுப்பைக் கிளப்பலாம். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை!

ஆனால், பல வீடுகளில் சிக்கல் மருந்தில்தான். பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் பம்ப் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்காது. அதற்குத் தினமும் எடுக்கவேண்டிய தடுப்பு மருந்து உண்டு. ‘ஸ்டீராய்டு’ என்றதும் பெற்றோர் மிரண்டு, இருமல் நின்றவுடன் நிறுத்திவிடுகிறார்கள். அளவோ மைக்ரோகிராம் கணக்கு. உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவு குறையலாம் என்பது உண்மையே. நள்ளிரவில் மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்கு ஓடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

‘ஸ்பேசர்’ குழலைப் பொருத்தினால் மருந்து தொண்டையில் தங்காமல் நுரையீரலுக்குப் போகும். பிறகு வாய் கொப்பளித்தால் போதும். நோய் கட்டுக்குள் இருந்தால் காற்பந்து, நீச்சல் எதையும் தடுக்க வேண்டியதில்லை. இரவில் எத்தனை முறை இருமி விழித்தது என்று பிள்ளையிடமே கேளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.