அடமன்று, களைப்பு

மாலையில் பள்ளி மணி ஒலித்ததும் பெரும்பாலான குழந்தைகள் துள்ளி ஓடுகின்றனர். சில குழந்தைகளுக்கோ நாள் முழுவதும் அடக்கிவைத்த தவிப்பு அதன் பிறகே வெளிப்படுகிறது. வகுப்பில் அமைதியாக இருந்த குழந்தை வீட்டு வாசலைக் கடந்ததும் பையை வீசுகிறது. காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. தேற்ற வருபவரைத் தள்ளுகிறது. ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்’ என்னும் பழி தாயின்மீது விழுகிறது.

பழியும் உண்மையும்

ஆட்டிசம், கவனக்குறைவுடன் கூடிய மிகைச் செயல்பாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவை மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடுகள். குழந்தைகளிடம் காணப்படும் ஆட்டிசத்தை 1943இல் மருத்துவர் லியோ கேனர் விரிவாக விளக்கினார். பாசமற்ற தாயே அதற்குக் காரணம் என்ற கருத்தும் பின்னர்ப் பரவியது. 1964இல் உளவியலாளர் பெர்னார்டு ரிம்லண்டு தம் நூலில் அதனை மறுத்து, ஆட்டிசம் உடலியல் சார்ந்தது என வாதிட்டார். அறிவியல் கைவிட்ட பழியை ஊர்வாய் இன்னும் கைவிடவில்லை.

கொந்தளிப்பு ஏன்?

இக்குழந்தைகளுள் பலருக்கு ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவை மிகையாக உறைக்கும். வகுப்பிரைச்சல், வியர்வையில் ஒட்டும் சீருடை, கடலூர்–சிதம்பரம் சாலைப் பேருந்தின் ஒலிப்பான் என ஒவ்வொன்றும் சுமையாகிறது. பிறர் நகைப்பரோ என்றஞ்சி, குழந்தை அனைத்தையும் பொறுத்துக்கொள்கிறது. பாதுகாப்பான இடமாகிய வீட்டை அடைந்ததும் அப்பொறுமை உடைகிறது. அடம்பிடிக்கும் குழந்தை கேட்ட பொருள் கிடைத்ததும் அடங்கிவிடும்; உணர்வுக் கொந்தளிப்போ எதைக் கொடுத்தாலும் உடனே அடங்காது.

வீட்டார் செய்யத்தக்கவை

பள்ளி விட்டு வந்தவுடன் கேள்விகளை அடுக்கலாகாது. குடிக்க நீரும் பழகிய சிற்றுண்டியும் தந்து, மங்கிய ஒளியுள்ள மூலையில் தனித்திருக்க விடலாம். கொந்தளிப்பு எழுந்துவிட்டால் பேச்சைக் குறைத்து, வேடிக்கை பார்ப்போரை விலக்கி, மோதக்கூடிய பொருள்களை அகற்றி, அருகிலேயே இருத்தல் வேண்டும். அப்பொழுது அறிவுரையும் தண்டனையும் பயன்படா.

எதிர்பாரா மாற்றமும் கொந்தளிப்பைத் தூண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூர் மாவட்டப் பள்ளிகளுக்குத் திடீர் விடுமுறை விடப்படுவதுண்டு. அத்தகைய நாளில் என்ன செய்யலாம் என்பதைப் படங்களால் ஆன அட்டவணையில் முன்பே காட்டலாம். சிதம்பரத்தில் ஆனி, மார்கழித் தேரோட்ட நாள்களில் தேர்வீதிகளைத் தவிர்த்து வேறு வழியில் அழைத்துவரலாம்.

பள்ளியின் பங்கு

மாலையில் உடையும் பொறுமை பகலிலேயே தேய்கிறது. ஆகவே, அவ்வப்போது சிறு ஓய்வு, இரைச்சல் குறைந்த இருக்கை, கூட்டம் கிளம்புமுன் வெளியேற இசைவு ஆகியவற்றைப் பள்ளி அளித்தல் நலம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்றுள்ள 21 வகைகளுள் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அடங்கும். எனவே, இவ்வுதவிகள் சலுகைகள் அல்ல, உரிமைகள். வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்களிடம் பெற்றோர் வழிகாட்டுதல் பெறலாம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலர் தம் வீட்டிலோ தெருவிலோ இத்தகைய தம்பி தங்கையரைக் காணக்கூடும். அவர்கள் அலறும்போது சூழ்ந்து நில்லாமல் விலகி இடம்விடுவதும், அந்தத் தாயைக் குறைகூறாதிருப்பதும் மாணவர் ஒவ்வொருவராலும் இயலும் உதவிகளாகும்.